ஸ்குரூவும் பசையும்: மடிக்கணினியைத் திறக்க முடிந்த காலம்

"சார், இதுல ரேமைக் கூட்ட முடியாது. போர்டுலயே வச்சு ஒட்டி வந்திருக்கு." கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடைகளில் இப்போது அடிக்கடி கேட்கும் பதில் இது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு இதே வேலையை வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் முடித்துக் கொடுத்தார்கள். கடைக்காரரின் கைத்திறன் குறைந்துவிடவில்லை. அவர் கையில் நாம் கொடுக்கும் பொருள்தான் மாறிவிட்டது. எப்போது மாறியது, ஏன் மாறியது, அதற்கு யாராவது ஏதாவது செய்கிறார்களா என்று படித்ததை நம் நண்பர்களுக்காக எழுதுகிறேன்.

பிரெஞ்சு மொழியில் கம்ப்யூட்டருக்கு 'ஓர்தினாத்தேர்' என்று பெயர். நம் ஊரில் பிரெஞ்சு படித்தவர்களுக்குத் தெரிந்த சொல்தான். 1955இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை தன் புதிய இயந்திரத்துக்கு ஒரு நல்ல பெயர் கேட்டபோது, பாரீசில் லத்தீன் பேராசிரியராக இருந்த ழாக் பெரே இதைச் சொன்னார். உலகத்தை ஒழுங்குபடுத்துபவர் என்ற பொருளில் கடவுளுக்கு வழங்கிய பழைய அடைமொழி அது என்றும் தம் கடிதத்தில் குறிப்பிட்டார். கடவுளின் பெயரைச் சூட்டினாலும், அதன் மூடியைக் கழற்றிப் பார்க்கக் கூடாது என்று அந்தக் காலத்தில் யாரும் சொல்லவில்லை.

1973இல் பிரான்சில் 'மிக்ரால்' என்ற சிறிய கணினி விற்பனைக்கு வந்தது. நுண்செயலியை வைத்துச் செய்து, முழுதாகக் கோத்து விற்கப்பட்ட முதல் கணினிகளில் ஒன்று அது. நாட்டின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கணக்கீட்டு வேலைக்காகக் கேட்டதால் பிறந்தது. வடிவமைத்தவர் பிரான்சுவா ஜெர்னெல். அந்த நிறுவனத்தை நடத்தியவர் ஆந்த்ரே த்ருயோங், சைகோனில் பிறந்த வியட்நாமியர். சைகோன் என்றால் நம்மூரில் எத்தனை குடும்பங்களுக்கு எத்தனை நினைவுகள் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. மிக்ராலின் உள்ளே ஒரு வரிசையாகப் பள்ளங்கள் இருந்தன. நினைவகத்துக்கு ஓர் அட்டை, வெளிக் கருவிகளுக்கு ஓர் அட்டை என்று அலமாரியில் கோப்புகளைச் செருகுவதுபோல் செருகலாம். ஓர் அட்டை கெட்டால் அதை மட்டும் உருவி எடுத்து வேறொன்றைச் செருகினால் போதும்.

அதே நிறுவனம் 1980இல் 'போர்த்தால்' என்ற பெயரில் தூக்கிச் செல்லக்கூடிய ஒரு கணினியைச் செய்தது. ஊழியர்களின் சம்பளப் பட்டியலும் கணக்கும் போடும் வேலைக்காகவே ஒரு நிறுவனம் சொல்லிச் செய்வித்தது. எடை 12 கிலோ. திரையில் ஒரே வரி, 32 எழுத்துகள்தான் தெரியும். சிறிய பிரின்டரும் உடன் இருந்தது. மாதக் கடைசியில் சம்பளப் பில் போட்டுக் கண் பூத்துப்போன என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு, உலகின் முதல் கையடக்கக் கணினிகளில் ஒன்று சம்பளப் பில்லுக்காகப் பிறந்தது என்பதில் ஒரு தனிப் பெருமை உண்டு. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வந்த 'ஆஸ்போர்ன் 1' ஏறக்குறைய 11 கிலோ எடை, 5 அங்குலத் திரை, விலை 1,795 டாலர். தையல் மெஷினைப் பெட்டியில் வைத்துத் தூக்குவதுபோல் இவற்றைத் தூக்கிப் போனார்கள்.

1981இல்தான் ஐ.பி.எம். தன் 'பி.சி.'யையும் வெளியிட்டது. அதன் மூடியைத் திறந்தால் கூடுதல் அட்டைகள் செருக ஐந்து இடங்கள். அதைவிட முக்கியம், அந்த நிறுவனம் விற்ற தொழில்நுட்பக் கையேடு. மின்சுற்றுகளின் வரைபடம் முழுவதும் அதில் அச்சாகியிருந்தது. விரும்பிய எவரும் காசு கொடுத்து வாங்கிப் படிக்கலாம். வீடு விற்பவர் பத்திரத்தோடு மனைப் படத்தையும் கொடுப்பதுபோல.

மடியில் வைக்கும் அளவுக்குச் சுருங்கியது 1985இல். தோஷிபாவின் 'டி1100' சுமார் 4 கிலோ எடையில் வந்து, முதலில் ஐரோப்பாவில் விற்பனையானது. அதன் பிறகு பத்தாண்டுகளில் பாகங்களுக்கு ஒரு பொது அளவு ஏற்பட்டது. 1988இல் இரண்டரை அங்குல ஹார்ட் டிஸ்க் வந்தது. 1991இல் சோனி லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேசைக் கணினியின் ரேம் அட்டையைப் பாதியாக வெட்டியதுபோல் ஒரு சிறிய ரேம் அட்டை மடிக்கணினிக்கென்று வந்தது. பொது அளவு என்பதுதான் இதில் பெரிய விஷயம். சைக்கிளுக்கு எந்தக் கம்பெனி டயர் வாங்கினாலும் அளவு சரியாக இருந்தால் பொருந்துகிறதே, அதுபோல ஒரு நிறுவனத்தின் மடிக்கணினியில் இன்னொரு நிறுவனத்தின் ஹார்ட் டிஸ்க் பொருந்தியது. 1992இல் வந்த ஐ.பி.எம். 'திங்க்பேட் 700சி'யின் ஹார்ட் டிஸ்க்கை வைத்திருப்பவரே கழற்றி மாற்றலாம். அந்த வரிசை மடிக்கணினிகளை எப்படிப் பிரிப்பது, எந்த ஸ்குரூ எந்த நீளம், எந்தப் பாகத்துக்கு என்ன எண் என்று சொல்லும் பராமரிப்புக் கையேடுகளையும் யாரும் படிக்கும்படி வெளியிட்டார்கள்.

2000 முதல் 2012 வரை நாம் வாங்கிய மடிக்கணினிகளைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கத்தில் இரண்டு மூன்று சின்னக் கதவுகள் இருக்கும். ஒன்றன் மேல் ரேம் அட்டையின் படம்கூடப் பொறித்திருப்பார்கள். பின்பக்கம் இரண்டு தாழ்ப்பாள்களை நகர்த்தினால் பேட்டரி கையோடு வரும். ஒரு ஸ்குரூவைக் கழற்றினால் ரேமின் கதவு திறக்கும். உள்ளே அட்டையின் இருபுறமும் உள்ள கொக்கிகளை விரலால் விலக்கினால், அட்டை தானே சாய்வாக எழுந்து நிற்கும். உருவி எடுத்து, புதியதை அதே சாய்வில் செருகி அழுத்தினால் 'டக்' என்று உட்காரும். தவறான அட்டையைச் செருக முடியாதபடி ஒவ்வொரு தலைமுறைக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். படிக்காதவருக்கும் கை சொல்லிக் கொடுக்கும் ஏற்பாடு அது.

கீபோர்டும் அப்படித்தான். நம்மூரில் பிரான்சிலிருந்து வரும் மகனோ மருமகளோ பழைய லேப்டாப்பை அப்பாவுக்கு விட்டுவிட்டுப் போவது வழக்கம். அதன் கீபோர்டு பிரெஞ்சு முறையில் இருக்கும். முதல் வரிசை ஏ, இசட் என்று தொடங்கும். பிரெஞ்சு டைப்ரைட்டரில் பழகிய எனக்கு அது சொந்த வீடு. பேரப்பிள்ளைகளுக்கோ விரல் தடுமாறும். அந்த நாளில் அது பெரிய பிரச்சினை இல்லை. அடியில் மூன்று நான்கு ஸ்குரூ, மேலே சில கிளிப்புகள், உள்ளே ஒரு மெல்லிய நாடா. நாடாவைப் பிடித்திருக்கும் சிறிய தாழை நகத்தால் தூக்கினால் அது விடுபடும். ஆங்கிலக் கீபோர்டு ஒன்றை வாங்கிப் பொருத்தியாயிற்று. இன்று பல மாடல்களில் கீபோர்டை மேல் தகட்டோடு சேர்த்துப் பொடிப்பொடியான ரிவெட்டுகளால் அறைந்துவிடுகிறார்கள். ஒரு எழுத்து உடைந்தாலும் மேல்பாகம் முழுவதையும் மாற்ற வேண்டும். சில மாடல்களில் பேட்டரியும் அந்த மேல்பாகத்தோடு ஒட்டியே வரும்.

என்னிடம் இருக்கும் மடிக்கணினி 2012இல் வாங்கியது. ஆறேழு ஆண்டில் அதைத் தட்டி எழுப்பக் கால் மணி நேரம் ஆனது. புதிது வாங்கிவிடுங்கள் என்றார்கள் வீட்டில். பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர், பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டு, 4 ஜி.பி. ரேமை 8 ஆக்கினார். அவர் வேலை செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் மின் இணைப்பையும் பேட்டரியையும் எடுத்தார். பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றினார். ஒரு வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைப் படமாகப் போட்டு, கழற்றிய ஒவ்வொரு ஸ்குரூவையும் படத்தில் அதனதன் இடத்தில் வைத்தார். ஏன் என்று கேட்டேன். "நீளம் வேற வேற சார். நீள ஸ்குரூவைக் குட்டை எடத்துல போட்டா மேல கீபோர்டைத் துளைச்சிரும்" என்றார். விசிறியில் நம் கடற்கரைத் தூசி திப்பியாக அடைத்திருந்ததையும் துடைத்தார். முக்கால் மணி நேரம். அதன் பிறகு அது அரை நிமிடத்தில் எழுந்தது.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை சுழல, ஒரு முள் அங்கும் இங்கும் ஓடி எழுத்துகளைத் தேட வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, ஓடும் முள்ளும் இல்லை. அதன் மூளையும் திரையும் ஆரோக்கியமாகவே இருந்தன. ஒரே ஒரு பாகம் முடமானதற்காக முழு இயந்திரத்தையும் குப்பைக்கு அனுப்பாமல் இருந்ததற்குக் காரணம், அந்தக் கதவும் அந்த ஸ்குரூவும்தான்.

அவை எப்போது மறைந்தன? 2008 ஜனவரியில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ், மேடையில் ஒரு காகித உறையிலிருந்து 'மேக்புக் ஏர்' மடிக்கணினியை உருவி எடுத்துக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. தடிமனான இடத்தில்கூட 2 சென்டிமீட்டருக்குள். அதன் ரேம் போர்டில் சால்டர் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. பேட்டரிக்குத் தாழ்ப்பாள் இல்லை. அடுத்த ஆண்டுகளில் அந்நிறுவனம் ஐந்து இதழ் பூப்போன்ற தலையுள்ள ஸ்குரூவைப் பயன்படுத்தத் தொடங்கியது. வீட்டில் இருக்கும் எந்த ஸ்குரூடிரைவரும் அதில் சேராது. 2012இல் வந்த 'ரெட்டினா' மேக்புக் புரோவில் பேட்டரியையே பசை போட்டு ஒட்டினார்கள். 2011இல் இன்டெல் 'அல்ட்ராபுக்' என்ற பெயரில் மெல்லிய மடிக்கணினிகளை ஊக்குவிக்க, மற்ற நிறுவனங்களும் அதே பாதையில் போயின. அடிப்பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

நியாயமாகப் பேசினால், எல்லாம் சூழ்ச்சி என்று சொல்லிவிட முடியாது. பழைய பேட்டரிக்குள் இருந்தவை 18 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருளைகள். டார்ச் லைட் கட்டைகளை அடுக்கியதுபோல் இருக்கும். அவற்றை வைத்துக்கொண்டு மெல்லிய லேப்டாப் செய்ய முடியாது. தட்டையான பை போன்ற பேட்டரி வந்தபோது, அதற்குக் கெட்டியான உறை இல்லாததால் உடலுக்குள்ளேயே வைத்து மூடினார்கள். சால்டர் வைத்த ரேமும் குறைந்த மின்சாரம் குடிப்பது. செயலிக்கு மிக அருகில் இருந்தால்தான் அது வேகமாக ஓடும். எடை குறைந்தது, பேட்டரி நாள் முழுவதும் தாங்குகிறது. மூட்டு வலியோடு பயணம் போகும் நமக்கு அதுவும் நன்மைதான்.

ஆனால் பசைக்கு அந்தக் காரணம் போதாது. மெல்லிய உடலுக்குள்ளும் பேட்டரியை நான்கு ஸ்குரூ போட்டுப் பொருத்தியிருக்கும் மாடல்கள் இன்றும் விற்கின்றன. வேகமான ரேமையே கழற்றி மாற்றும் அட்டையாகச் செய்யும் ஒரு பொது அளவும் 2023 இறுதியில் வெளியாகி, அடுத்த ஆண்டே ஒரு திங்க்பேட் மாடலில் வந்துவிட்டது. எல்லாவற்றையும் விட, பேட்டரி என்பது தேய்ந்தே தீரும் பொருள். சில நூறு தடவை சார்ஜ் ஏற்றி இறக்கினால் அதன் கொள்ளளவு குறையும் என்பது செய்தவர்களுக்கே தெரியும். தேயும் என்று தெரிந்த பாகத்தை எடுக்க முடியாதபடி ஒட்டினால், அந்தப் பொருளின் ஆயுளை வாங்கும் அன்றே எழுதிவிட்டதாகத்தான் பொருள்.

கதவை மூடியதோடு கையேட்டையும் மூடினார்கள். 2003இல் அமெரிக்காவில் கைல் வீன்ஸ் என்ற மாணவர் தம் ஆப்பிள் மடிக்கணினியைப் பழுது பார்க்க முயன்றபோது, எங்கு தேடியும் கையேடு கிடைக்கவில்லை. கிடைக்காததைத் தாமே எழுதுவோம் என்று நண்பருடன் சேர்ந்து 'ஐஃபிக்ஸிட்' தொடங்கினார். ஒவ்வொரு கருவியையும் பிரித்து, படம் எடுத்து, படிப்படியாக எழுதி இலவசமாக வைத்தார்கள். பழுது பார்க்கும் வசதிக்குப் பத்துக்கு மதிப்பெண்ணும் போட்டார்கள். நான் மேலே சொன்ன 2012 மேக்புக் புரோ பெற்றது பத்துக்கு ஒன்று. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவில் லேப்டாப் கையேடுகளைத் திரட்டி இணையத்தில் எல்லோருக்கும் கொடுத்துவந்த ஒருவரிடம், தன் கையேடுகளை நீக்கும்படி தோஷிபா பதிப்புரிமையைக் காட்டிக் கேட்டது. அவர் நீக்கிவிட்டார். 1981இல் ஐ.பி.எம். மின்சுற்றுப் படத்தையே அச்சிட்டு விற்றதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இந்த விஷயத்தில் சட்டத்தைக் கையில் எடுத்த நாடுகளில் பிரான்ஸ் முன்னால் நின்றது. 2015 ஆகஸ்டில், ஒரு பொருளின் ஆயுளை வேண்டுமென்றே குறைப்பதைக் குற்றமாக அறிவித்தார்கள். இரண்டு ஆண்டு சிறை, 3 லட்சம் யூரோ அபராதம். அப்படி வேண்டுமென்றே செய்தார்கள் என்று நிரூபிப்பது எளிதல்ல. ஆகவே 2020 பிப்ரவரியில் வந்த சட்டம் வேறு வழியைப் பிடித்தது. விற்பவரைத் தண்டிப்பதை விட, வாங்குபவருக்கு உண்மையைச் சொல்வோம் என்பது அந்த வழி. 2021 ஜனவரி 1 முதல் மடிக்கணினி, ஸ்மார்ட்போன், டி.வி., முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின், புல்வெட்டும் இயந்திரம் ஆகிய ஐந்துக்கும் 'எந்தீஸ் த ரெப்பராபிலித்தே', அதாவது பழுதுநீக்கக் குறியீடு கட்டாயம் ஆனது. விலைச்சீட்டுக்குப் பக்கத்திலேயே பத்துக்கு இத்தனை என்று, சிவப்பு முதல் பச்சை வரை நிறத்தோடு போட வேண்டும்.

அந்த மதிப்பெண் ஐந்து கேள்விகளால் ஆனது. கையேடு கிடைக்கிறதா? பிரிப்பது எளிதா, சாதாரணக் கருவி போதுமா? உதிரிப் பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும்? புதிய பொருளின் விலையோடு ஒப்பிட்டால் பாகத்தின் விலை என்ன? கடைசியாக, அந்தப் பொருளுக்கே உரிய சில கேள்விகள். ஐந்துக்கும் சம எடை. கணக்கு போடுவது தயாரிப்பாளரேதான் என்பதால் தாராளமாகப் போட்டுக்கொள்கிறார்கள் என்று அங்கே நுகர்வோர் அமைப்புகள் குறை சொல்கின்றன. அதில் உண்மை இருந்தாலும், பாகம் கிடைக்குமா என்ற கேள்விக்கு ஒரு கம்பெனி எழுத்தில் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்ததே பெரிது. ஐரோப்பிய ஒன்றியமும், 2027 பிப்ரவரி 18 முதல் இத்தகைய கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று, சில விலக்குகளோடு, விதி செய்திருக்கிறது.

நம் நாட்டிலும் அசைவு தெரிகிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளமும் திறந்தது. பிரான்சைப் போல் குறியீடு கொண்டுவரும் யோசனையை ஆராய இன்னொரு குழு 2024இல் அமைந்து, 2025இல் அறிக்கை கொடுத்திருக்கிறது. சட்டம் வரும்வரை நமக்கு இருக்கும் காவல், தெருமுனைக் கடைகளிலும் சென்னை ரிச்சி தெருவிலும் உட்கார்ந்திருக்கும் கைகள்தான்.

ஸ்குரூவுக்கும் பசைக்கும் அடுத்து மூன்றாவதாக ஒரு பூட்டும் வந்துவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 ஏறத்தாழ 2018க்கு முந்தைய பெரும்பாலான செயலிகளை ஏற்றுக்கொள்வதில்லை. பாகம் எதுவும் கெடாமலேயே இயந்திரம் காலாவதியாகிறது. அலுவலகத்தில் ஒரு பழைய மேசை நாற்காலியைக் கழிவு செய்ய வேண்டும் என்றாலும் குறிப்பு எழுதி, மேலதிகாரி பார்த்து, பழுது பார்க்க முடியாது என்று சான்று வாங்கிய பிறகுதான் இருப்புப் பதிவேட்டில் கோடு போடுவோம். நம் காசில் வாங்கிய கணினிக்கு அந்த மரியாதைகூட இல்லை. இதற்கும் மருந்து உண்டு. லினக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றிக்கொண்டு பல பழைய லேப்டாப்புகள் இன்னும் சில ஆண்டுகள் கடிதம் எழுதும், பத்திரிகை படிக்கும், பேரனோடு பேசும். என்னுடையதும் இப்போது அதில்தான் ஓடுகிறது. இந்தக் கட்டுரையும் அதில் எழுதியதுதான்.

பழைய லேப்டாப்பைப் பழைய பேப்பர்க்காரரிடம் போடுவதற்கு முன், ஒரு முறை பழுது பார்க்கும் கடையில் காட்டுங்கள். உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்.எஸ்.டி. போட முடியுமா என்று கேளுங்கள். பேட்டரி உப்பி, அடித்தட்டு புடைத்திருந்தால் மட்டும் சார்ஜ் போடாதீர்கள். நீங்களே நோண்டவும் வேண்டாம், அது தீப்பிடிக்கக்கூடியது. புதிது வாங்கப் போனால் திரையின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: ரேம் செருகியதா, ஒட்டியதா? பேட்டரி ஸ்குரூவிலா, பசையிலா? இந்த மாடலின் பராமரிப்புக் கையேடு கிடைக்குமா? விற்பவருக்குப் பதில் தெரியவில்லை என்றால், தெரிந்துகொண்டு சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போகலாம். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.